கைப்பிடி எந்தப் பக்கம்

ஆகஸ்ட் 4, திங்கள்

முதலில் மன்னிப்பு. இது என் டைரி இல்லை, அக்காவுடையது. அவள் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து ஜனவரியில் ஒரு காலண்டரோடு கொடுத்தனுப்பினார்கள். வேலைக்கே வராதவளுக்கு டைரி எதற்கு என்று கொடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை, வாங்கி வந்த அம்மாவுக்கும் தோன்றவில்லை. அக்கா அதன் கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்காமல் அரிசி டின்மேல் போட்டாள். ஏழு மாதமாக அங்கேயே கிடந்தது. இன்று நான் பிரித்துவிட்டேன். எழுதுகிற அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அக்கா கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன்.

எழுத ஒரு காரணம் உண்டு. மேசைமேல் வைத்துக் கையால் ஓட்டுகிற சின்ன அச்சு மெஷின் ஒன்று வாங்க வேண்டும். மொய்க் கவரில் பெயர் அடிக்க, விசிட்டிங் கார்டு அடிக்க, அந்த அளவுக்குப் போதும். நான் வேலை பார்க்கிற கூரியர் ஆபீசில் மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் செல்போனில் தேடுகிறேன். தேடியது எல்லாம் வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறது.

இதுவரை தெரிந்தது. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, துணி பிழிகிற மெஷின் போல இரண்டு உருளைக்கு நடுவில் தாளும் எழுத்தும் உள்ளே போய் வெளியே வருவது. பக்கத்தில் இருக்கும் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இன்னொன்று, புத்தகம் மூடுவது போல இரண்டு இரும்புத் தட்டு சேர்ந்து மூடுவது. ஒரு தட்டில் எழுத்து, ஒரு தட்டில் தாள். கைப்பிடியை இழுத்தால் மை உருளை எழுத்தின் மேல் ஓடி இறங்கும், பிறகு தட்டு மூடும்.

புதிதாகப் பழகுகிறவருக்கு இரண்டாவதுதான் நல்லது என்கிறார்கள். எனக்கு முதலாவது வகை வாங்கத்தான் ஆசை. மூடுகிற தட்டைப் படத்தில் பார்த்தாலே அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

யாருக்கு மெஷின் என்று நேற்று எழுதவில்லை. அக்காவுக்கு.

அக்கா பத்தாவதோடு நின்று அச்சகத்துக்குப் போனாள். அப்பா இறந்த வருடம் அது. நான் அப்போது ஐந்தாவது. எங்கள் ஊரில் அச்சகத்துக்குப் போவதும் பள்ளிக்கூடம் போவதும் ஒன்றுபோல்தான், எந்த வீட்டில் கேட்டாலும் ஒருவர் போவார். அக்கா அட்டைப் பெட்டிகளுக்கு மடிப்புக் கோடு போடுகிற டிரெடில் மெஷினில் நின்றாள். அதுவும் மூடித் திறக்கிற மெஷின்தான், ஆனால் ஆள் உயரம், மோட்டாரில் ஓடுவது. அவள் சம்பளத்தில்தான் நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். எங்கள் வம்சத்திலேயே நான்தான் முதல் பட்டதாரி.

போன வருடம் ஆயுத பூஜை அன்று அந்த மெஷின் ஓடிவிட்டது. அக்காவின் வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் தெருவில் இறங்கவில்லை. தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்த சாத்தூர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். பழத்தை வைத்துவிட்டுப் போனவர்கள்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதுரையில் ஒரு கடைக்கு போன் செய்தேன். "அலோ" என்றதும் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனில் பேசுவதைவிட நேரில் போவது சுலபம். நேரில் போனால் பேசாமலேயே பார்க்கலாம். அம்மாவிடம் தோழிக்கு வளைகாப்பு என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன்.

பழைய இரும்பு சாமான் கடை. தையல் மெஷின், கிணற்று மோட்டார், பல் டாக்டர் நாற்காலி எல்லாம் குவிந்து கிடந்தன. நடுவில் கறுப்பாக அந்தச் சின்ன அச்சு மெஷின். மூடுகிற வகை. அழகாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் பித்தளைத் தகட்டில் ஒரு பூ.

கடைக்காரர் வெற்றிலை மென்றுகொண்டே, "வீட்டுல ஷோவுக்கு வைக்கவாம்மா? ஓட்டல்காரங்கதான் வாங்கிட்டுப் போறாங்க, ரிசப்சன்ல வைக்க," என்றார்.

"ஓட்டுறதுக்கு."

"யாரு, நீயா?"

நான் மெஷின் பக்கம் திரும்பினேன். கைப்பிடியைப் பிடித்து இறக்கினேன். பாதியில் ஒரு நெருடல். குனிந்து பார்த்தால் கைப்பிடி சேருகிற இடத்தில் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். வார்ப்பிரும்பில் பற்றவைத்தது நிற்காது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று மை உருளையில் ஒன்று இல்லை. மற்ற இரண்டும் ஒரே பக்கமாகக் கிடந்து தட்டையாகியிருந்தன.

எல்லாவற்றுக்கும் மேல், கைப்பிடி வலது பக்கம் இருந்தது.

"வேண்டாங்க," என்று சொல்ல எனக்குக் கால்மணி நேரம் ஆனது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாட்டிக்கொண்டேன். மதுரையில் எடுத்த போட்டோ செல்போனில் திறந்தபடியே இருந்திருக்கிறது. நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி இது?"

"மெஷின்மா."

"தெரியுது. எதுக்குன்னு கேக்கேன்."

"அக்கா வீட்டுலயே உக்காந்து..."

அம்மா முடிக்க விடவில்லை. கையில் இருந்த தோசைக்கரண்டியைக் கீழே போட்டாள். அம்மா நோட்டுப் புத்தகம் தைக்கிற பைண்டிங்கில் வேலை பார்க்கிறாள். சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. இன்று தெருவுக்கே கேட்டது. "அந்தச் சனியன் நாலு வெரலு தின்னது பத்தாதா? மிச்சத்தையும் குடுக்கணுமா? படிச்சவன்னு பேரு, புத்தி எங்கடி போச்சு ஒனக்கு?"

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவே இல்லை. அம்மா வேலைக்குக் கிளம்பிப் போனாள். நானும் செருப்பை மாட்டினேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அங்காளு."

"என்னக்கா?"

"கைப்பிடி எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"அப்ப அது வேண்டாம்," என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

அங்காளேஸ்வரி என்கிற என் பெயரை அவள் சுருக்கிக் கூப்பிட்டுப் பத்து மாதம் ஆகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அரிசி களைந்தேன். அக்காவுக்குத் தலை பின்னிவிட்டேன். அவளுக்குப் பின்னிவிடுவது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அவள்தான் எனக்குக் கல்லூரி கடைசி நாள்வரை பின்னிவிட்டாள்.

கூரியர் ரசீதுகளின் பின்பக்கத்தில் அக்கா இடது கையால் எழுதிப் பார்த்திருக்கிறாள். தலையணைக்குக் கீழே இருந்தது. பாண்டீஸ்வரி, பாண்டீஸ்வரி, பாண்டீஸ்வரி. மேலேயிருந்து கீழே வர வர எழுத்து நேராகியிருந்தது. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

தகரப் பெட்டியில் போர்வையைத் தேடும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அச்சகத்தில் ஒரு வழக்கம். ஸ்விட்ச் போடுகிறவர், போடுவதற்கு முன்னால் "கை?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். மெஷினிடம் நிற்கிறவர் "எடுத்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தாள். இந்தத் தகரப் பெட்டியை மூடுவதே எங்களுக்கு விளையாட்டு. நான் உள்ளே துணியை வைப்பேன். அவள் மூடியைப் பிடித்துக்கொண்டு "கை?" என்பாள். நான் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் சிரிப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் மூடியை விடமாட்டாள். "சொல்லுடி, கை வலிக்குது," என்று கெஞ்சுவாளே தவிர விடமாட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கைச்சக்கரம் சுற்றுகிற வகையை இன்று நேரில் பார்த்தேன். ஒருவருக்கு பார்சலில் வந்தது. உடைந்திருக்கிறதா என்று ஆபீசிலேயே பிரித்துப் பார்த்தார். அவர் மகள் படம் ஒட்டுகிற கைவேலைக்கு வாங்கியதாம். லேசாக, பளபளவென்று இருந்தது. அந்தப் பெண் சக்கரத்தைச் சுற்றினாள். மெஷின் மேசையோடு நகர்ந்தது. "அடிய ஒரு கைல புடிச்சுக்கிட்டுச் சுத்துமா," என்றார் அவள் அப்பா.

ஒரு கையால் பிடித்து, ஒரு கையால் சுற்ற வேண்டும். அப்படியானால் இந்த வகையும் இல்லை.

ஆபத்து இல்லாத மெஷின் என்று இதைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். இனி மூடுகிற வகை மட்டுமே இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

பாளையங்கோட்டையில் ஒருவர் விற்பதாகப் போட்டிருக்கிறார். மூடுகிற வகை. போட்டோவில் கைப்பிடி நடுவில் இருக்கிறது, முன்பக்கமாக. எந்தக் கையாலும் இழுக்கலாம்.

போன் செய்தேன். வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

செப்டம்பர் 6, சனி

அக்காவிடம் போட்டோவைக் காட்டவில்லை. செல்போனைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது செல்போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாலு மூலையிலயும் துண்டுத் தாள் வச்சு மூடி, ஒண்ணொண்ணா இழுத்துப் பாரு. நாலும் ஒரே இறுக்கமா இருக்கணும். ஒண்ணு லூசா வந்தா தட்டு கோணல்."

"சரிக்கா."

"உருளைய நகத்தால அமுத்து. பள்ளம் விழுந்து அப்பிடியே நின்னா வேண்டாம். எழும்பி வரணும்."

"சரி."

"எழுத்து பூட்டுற சட்டம் ரெண்டு கேளு. ஒண்ணுல வேல நடக்கும்போது இன்னொண்ணுல கோக்கலாம்."

அம்மா அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பேருந்தில் கோவில்பட்டி தாண்டும்வரை கேட்க வேண்டியதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

விற்பவர் பெயர் ஞானராஜ். வங்கியில் வேலை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தானே அச்சடித்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்று இரண்டு வருடம் முன்பு வாங்கினாராம். கதவைத் திறந்தது அவர் மனைவி செலின்.

"வாம்மா, வா. ஒன்னத்தான் கர்த்தர் அனுப்பியிருக்காரு. சாப்பாட்டு மேசைல உக்காந்து சாப்ட்டு ரெண்டு வருசமாச்சு."

"ஏளா, வந்த பிள்ளைய மொதல்ல உக்காரச் சொல்லு," என்றார் அவர் உள்ளே இருந்து.

"எங்கன உக்கார? நாற்காலில பூரா ஒங்க மை டப்பால்லா இருக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "கேளும்மா. மொத்தம் அஞ்சு அட்ட நல்லா வந்துச்சு. ஆறாவதுல தேதிய தலகீழா கோத்துட்டாக. அதையும் எங்க சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிட்டாக. அவுக இன்னிக்கு வரைக்கும் பேசுததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன்.

மெஷின் பச்சை நிறம். தண்ணீர்க் குடம் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் அசைக்க முடியவில்லை. நான் பையிலிருந்து துண்டுத் தாள்களை எடுத்தேன். நாலு மூலையிலும் வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்தேன். நாலும் ஒரே இறுக்கம். உருளையை நகத்தால் அமுக்கினேன். பள்ளம் மெதுவாக எழும்பி வந்தது. சட்டம் இரண்டு இருந்தது. ஒரு பெட்டி நிறையத் தமிழ் எழுத்து இருந்தது. ஞானராஜ் என்னையே பார்த்தார்.

"நீங்க பிரஸ்ல வேல பாக்கியளா?"

"எங்க அக்கா பார்த்தாங்க."

பிறகு வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் மட்டும் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். தாளை வைத்தேன். கையை எடுத்தேன். கைப்பிடியை இறக்கினேன். ஏற்றினேன். தாளை எடுத்தேன். முடிந்தது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது செலின் அக்கா பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்.

"யாருக்கும்மா இது?" என்றார், வேறு குரலில்.

"அக்காவுக்கு."

அவர் உள்ளே போய் ஒரு பழைய சேலையை எடுத்துவந்து மை டப்பாக்களைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஞானராஜுக்கு ஒன்றும் தெரியவில்லை பாவம். உற்சாகமாக, "ரெண்டு பேரு நின்னா இன்னும் வேகமா போவும். நீங்க தாள வைங்க, நான் இழுக்கேன்," என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் தாளை எடுத்துத் தட்டுவரை கொண்டுபோனேன். திறந்திருந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் என் கை போகவில்லை. நான் தள்ளுகிறேன், அது போகவில்லை. யாரோ முழங்கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"தள்ளி நில்லும்மா," என்றார் செலின் அக்கா. "இவுக கேக்காம இழுத்துருவாக."

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு நாற்காலியில் மை டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். பேருந்தில் வந்த களைப்பு என்று சொன்னேன். கிளம்பும்போது மெஷினுக்கு முன்பணம் கொடுத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஏன் கை போகவில்லை என்று எழுத வேண்டும். இன்று இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் இல்லை. கூரியர் ஆபீசில் நாற்பது பார்சல்.

செப்டம்பர் 13, சனி

போன வருடம் ஆயுத பூஜைக்கு அச்சகத்தில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். மெஷின்களை எல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மெஷினையும் ஒரே ஒரு சுற்று வெறுமனே ஓட்டி நிறுத்துவது வழக்கம். அது யாருடைய கையால் நடக்கிறது என்று பார்ப்பார்கள்.

அக்கா தன் மெஷினுக்குத் தானே பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா கற்பூரத் தட்டோடு வந்தார்கள். "இந்த வருசம் யாரு கையால போடலாம்?" என்றார்கள்.

அக்காதான் சொன்னாள். "எந் தங்கச்சி போடட்டும்மா. டிகிரி முடிச்சிருக்கா."

அவள் அதைச் சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியும்.

"ஆமா, படிச்ச புள்ள கையால போட்டா நல்லதுதான். வாம்மா," என்றார்கள் முதலாளியம்மா. ஐம்பது அறுபது பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்விட்ச் சுவரில் இருந்தது. அதைப் போட்டுவிட்டு எல்லோர் கண்ணிலிருந்தும் மறைந்துவிட வேண்டும், வேறு நினைப்பே இல்லை. "கை?" என்று கேட்க வேண்டும். எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் எனக்குச் சத்தம் வரவில்லை.

நான்தான் போட்டேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி "மெஷின் ஓடிவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். அதுவாக ஓடவில்லை.

நான் போட்டது எல்லோருக்கும் தெரியும். போடச் சொன்னார்கள், போட்டாள், பாவம் அவளுக்கு என்ன தெரியும் என்றார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

விபத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அச்சக மேனேஜர் வந்தார். கையில் வெள்ளைத் தாள். அக்காவிடம், "மெஷின் போடுறதுக்கு முன்னாடி நீ ஏதாச்சும் சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். மருந்து மயக்கத்தில் கண் பாதி மூடியிருந்தது. ஆனாலும் என்னைத்தான் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல சார்," என்றாள்.

அவர் தாளை என்னிடம் நீட்டினார். "படிச்ச புள்ளதான, நீயே எழுதிரும்மா." அவர் சொல்லச் சொல்ல அக்கா பெயரில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், கல்லூரியில் பரிசு வாங்கியிருக்கிறேன். இயந்திரம் இயங்கும் நேரத்தில் என் கவனக்குறைவால் கையை உள்ளே வைத்துவிட்டேன், இதற்கு நிர்வாகம் எவ்வகையிலும் பொறுப்பல்ல என்று எழுதினேன். கீழே அக்காவின் இடது கைப் பெருவிரல் ரேகை. கையெழுத்துப் போடத் தெரிந்தவள் அவள். போடக் கை இல்லை.

அந்தத் தாள் இருப்பதால் தொழிலாளர் ஆபீசில் அவளுக்காக யாரும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அம்மா வருகிறாள். மூடுகிறேன்.

செப்டம்பர் 20, சனி

மெஷின் வந்தது. எங்கள் ஆபீஸ் வண்டியிலேயே கொண்டுவந்தார்கள். அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே வைத்த பிறகு வெளியே போய்த் தெருக்குழாயடியில் உட்கார்ந்துகொண்டாள்.

தையல் மேசையின் காலில் செங்கல் வைத்து உறுதியாக்கினேன். செலின் அக்காவின் சேலையைப் பிரித்தேன். அக்கா எழுந்து வந்தாள். படுக்கையிலிருந்து எதற்காகவும் எழுந்து வராதவள். சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"எண்ணெய் விட்டுருக்காகளே."

"அந்த அண்ணன் விட்டுக் கொடுத்தாங்க."

இடது கையால் ஒரு தாளை எடுத்துத் தட்டில் வைத்தாள். நான் கதவருகே போய் நின்றுகொண்டேன். அவள் கையை எடுத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். மூடித் திறந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

"இங்க வந்து பாருடி," என்றாள். "இதுல எனக்குப் பயமே கெடயாது. தாளு வைக்கிற கைதான் இழுக்கவும் செய்யணும். உள்ள இருக்கிற கை எப்பிடி இழுக்கும்? ஒத்தக் கைக்கு இது ரொம்பப் பத்திரம்." தாளை எடுத்துவிட்டு, மெஷினைப் பார்த்தபடியே, "ஒரு ஆளு வச்சு ஒரு ஆளு இழுத்தாத்தான் வம்பு," என்றாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் செங்கல்லைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒரு வாரமாக வீடு முழுக்க மை. சோற்றில்கூட மை மணக்கிறது. முதல் ஐம்பது தாள் குப்பைக்குப் போனது. ஒரு பக்கம் அழுத்தமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் விழுந்தது. தாளுக்குப் பின்னால் மெல்லிய தாளை ஒட்டி ஒட்டி அக்கா அதைச் சரிசெய்தாள். எழுத்தை இடது கையால் கோக்கிறாள். கோத்த வரியை வலது கட்டைவிரலால் சாயாமல் பிடித்துக்கொள்கிறாள். அந்த விரலுக்கு ஒரு வருடம் கழித்து ஒரு வேலை.

இன்று எதிர் வீட்டு முருகாயி அக்கா வந்து, மகன் கல்யாணத்துக்குத் தாம்பூலக் கவரில் பெயர் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். "அடிச்சிருவோம். மாப்பிள்ள பேரு பெருசா, பொண்ணு பேரு பெருசா? ரெண்டும் பெருசா கோக்க எங்கிட்ட எழுத்து இல்ல," என்றாள் அக்கா.

"எம் மகன் பேரத்தான்!"

"அப்ப மருமக கிட்டச் சொல்லிருவேன், ஒங்க மாமியாதான் ஒங்க பேரச் சின்னதாக்கச் சொன்னாகன்னு."

முருகாயி அக்கா சிரித்தார். அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

நான் கோக்கிறேன், வெட்டுகிறேன், மை கழுவுகிறேன். தாள் மட்டும் வைப்பதில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. அம்மா தானாகவே சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கி வந்திருக்கிறாள். அவற்றை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அக்கா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மெஷினைத் துடைத்தாள். உள்தட்டுவரை துடைத்தாள். பிறகு என்னிடம், "நாளைக்கு மொத சுத்து நீதான் இழுக்கணும்," என்றாள்.

"நானா?"

"பின்ன? படிச்ச கை." கேலியாகச் சொல்லவில்லை. போன வருடம் சொன்ன அதே முகம்.

சட்டத்தில் முதல் அட்டைக்கான எழுத்தைக் கோத்து வைத்திருக்கிறாள். தலைகீழ் எழுத்தைப் படிக்க இப்போது எனக்கும் வருகிறது. இரா. அங்காளேஸ்வரி, பி.எஸ்சி. அதைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போவதாகச் சொல்லிப் போய்விட்டேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

அக்கா, நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். அம்மா பொரிகடலை வாங்கப் போயிருக்கிறாள். இந்த டைரியை மெஷினின் மைத் தட்டுக்குப் பக்கத்தில், உன் கண்ணில் படுகிற மாதிரி வைக்கப்போகிறேன். இரண்டு மாதமாக உன்னைக் கேட்காமல் இதில் எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படி.

இதுவரை எழுதாதது ஒன்று. ஆஸ்பத்திரியில் நீ ஒன்றும் சொல்லவில்லை என்றாய். நீ சொன்னாய். நான் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனபோது, "இருடி, உள்ள ஒரு பொட்டு பாக்கி இருக்கு," என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய், சிரித்துக்கொண்டே. எனக்குக் கேட்டது. முதலாளியம்மா "ம், போடும்மா, நேரமாகுது," என்றதும் கேட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைவிட அவர்களுக்குப் பயந்தேன். எனக்குக் கேட்டது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒன்றும் சொல்லவில்லை என்றாய். அந்தப் பொய்யை நான் அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி இந்தப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். கீழே இருப்பது என் கையெழுத்து. வெள்ளிக்கிழமை தொழிலாளர் ஆபீஸ் திறந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்ன கேட்டாலும் வாயால் சொல்வேன். அதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, நீ தரமாட்டாய்.

சட்டத்தில் நீ கோத்த என் பெயரைக் கலைத்துவிட்டேன். பாண்டீஸ்வரி, அச்சு வேலை என்று கோத்திருக்கிறேன். கோணலாக இருந்தால் திட்டு.

இனி நான் கேட்பது ஒன்றுதான். வாயால் கேட்க வராததால் எழுதுகிறேன். இன்று முதல் சுற்றை என்னை இழுக்கச் சொல்லாதே, நீ இழு. வெறும் சுற்றாகவும் வேண்டாம். தாளை நான் வைக்கிறேன், வலது கையால், உள்தட்டுவரை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "கை?" என்று கேள், அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி. எனக்குச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆகலாம். நான் சொல்லும்வரை இரு, அக்கா.